கொரொங்கோசா வைல்ட் டாக் சஃபாரி ரிவ்யூ (மொசாம்பிக்)

சிங்கம், யானை, நீர்யானை பாக்கணும்னா ஆப்பிரிக்கால எத்தனையோ இடம் இருக்கு, எங்க போனாலும் ஜீப்ல ஏத்தி காட்டிடுவாங்க. ஆனா ஒரு காட்டுல இருந்து அடியோட இல்லாம போன ஒரு மிருகத்த மனுஷங்க திரும்ப கொண்டு வந்து விட்டு, அது அங்கயே குட்டி போட்டு, அந்த குட்டிங்க வளந்து தானா வேட்டையாடுறத பாக்கணும்னா நான் கைகாட்டுற இடம் மொசாம்பிக்ல இருக்குற கொரொங்கோசா நேஷனல் பார்க். வைல்ட் டாக்குக்காகவே போயிட்டு வந்தேன். சஃபாரி எப்படி, குடுத்த காசு தகுமா, யாரு போகலாம் யாருக்கு செட் ஆகாது எல்லாம் எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும், பொறுமையா படிங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம், இது நம்ம காட்டு செந்நாய் கிடையாது, தெருநாய் காட்டுக்குள்ள போய் வளந்ததும் கிடையாது. ஆப்பிரிக்கால மட்டும் இருக்குற தனி இனம். 20ல இருந்து 30 கிலோ தான் எடை, நீளக் காலு, வட்டமா பெரிய காது, வால் நுனி வெள்ளை, உடம்பு முழுக்க கருப்பு, மஞ்சப்பழுப்பு, வெள்ளைன்னு திட்டுத்திட்டா இருக்கும். ஒண்ணுக்கு இருக்குற திட்டு இன்னொண்ணுக்கு இருக்காது, ரிசர்ச் பண்றவங்க போட்டோவ வச்சே எது எதுன்னு சொல்லிடுறாங்க. ஒரு காலத்துல 39 நாட்டுல சுத்திட்டு இருந்துச்சு. இப்ப ஐயுசிஎன் (அழியுற நிலைமைல இருக்குற உயிரினங்கள பட்டியல் போடுற உலக அமைப்பு) கணக்குல ஆப்பிரிக்கா முழுக்க சேத்து சுமார் 6,600, அதுலயும் நல்லா வளந்து குட்டி போடுற நிலைமைல இருக்குறது 1,400 தான். இது ஒரு கண்டம் முழுக்க இருக்குற எண்ணிக்கைங்குறத நினைச்சுக்கோங்க. மாட்ட கடிக்குது, மான தின்னுதுன்னு சொல்லி பல வருஷம் சுட்டே தள்ளுனாங்க, அப்புறம் கண்ணி, அப்புறம் ஊர் நாய்ங்க கிட்ட இருந்து ஒட்டுற ரேபிஸும் டிஸ்டெம்பர்னு ஒரு வைரஸ் நோயும். ஒரு கூட்டத்துக்கு நூத்துக்கணக்கான சதுர கிலோமீட்டர் இடம் வேணும், அவ்ளோ தூரம் ஓடுற மிருகம் வழில ரோட்டையும் தோட்டத்தையும் தாண்டாம இருக்க முடியாது, அதனால தான் தானா பழைய இடத்துக்கு திரும்பி வர்றது ரொம்ப கஷ்டம், யாராச்சும் தூக்கிட்டு வந்து விட்டா தான் உண்டு.

கொரொங்கோசா கதை அங்க தான் ஆரம்பிக்குது. 1960ல போர்ச்சுகீசு ஆட்சில நேஷனல் பார்க் ஆச்சு, அப்ப பெரிய பேரு. 1977ல இருந்து 1992 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர் அந்த காட்டுக்குள்ளயே நடந்துச்சு, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சாப்பாட்டுக்கும் தந்தத்துக்கும் சுட்டாங்க, போர் முடிஞ்சப்புறமும் வேட்டை நிக்கல. பெரிய மிருகங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல காலி. சிங்கம் கொஞ்சமா தப்பிச்சுச்சு, வைல்ட் டாக், கழுதைப்புலி எல்லாம் சுத்தமா போயிடுச்சு, சிறுத்தையும் கண்ணுலயே படாம போச்சு. 2008ல மொசாம்பிக் அரசாங்கமும் அமெரிக்காக்காரர் கிரெக் கார் நடத்துற ஃபவுண்டேஷனும் சேந்து நீண்ட கால ஒப்பந்தம் போட்டு காட்ட எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. புல் தின்றதுங்க முதல்ல பெருகுச்சு, வாட்டர்பக்னு ஒரு பெரிய மான், அது மட்டும் 2018 கணக்கெடுப்புல 50,000த்த தாண்டிடுச்சு. தின்ன ஆள் இல்ல. அந்த வருஷம் தான் சவுத் ஆப்பிரிக்கால இருந்து 14 வைல்ட் டாக்க கொண்டு வந்து, சில வாரம் வேலிக்குள்ள வச்சு பழக்கி, ஜூன் மாசம் கதவ திறந்து விட்டாங்க. 25 வருஷத்துக்கு மேல அந்த காட்டுல இல்லாத மிருகம்.

சரி இப்ப சஃபாரிக்கு வர்றேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, திறந்த ஜீப். காலைல இருட்டுலயே கிளம்பணும், குளிர் காலத்துல போனா ஜாக்கெட் கண்டிப்பா வேணும், ஜீப் ஓடும்போது காத்து முகத்துல வெட்டும். மத்த பேர் போன காடுங்கள்ல ஒரு சிங்கத்த சுத்தி இருபது வண்டி நிக்குமே, அந்த தொல்லை இங்க எனக்கு வரல, பாதி நேரம் கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் எங்க வண்டி மட்டும் தான். இதுக்காகவே நான் ஒரு ஸ்டார் கூட போடுவேன். உரேமா ஏரிப்பக்கம் திறந்த சமவெளி, அத தாண்டி பனங்கூட்டம், மஞ்சப்பட்டை ஃபீவர் மரம், உள்ள போகப்போக அடர்ந்த புதர், ஒரே டிரைவ்ல காடு நாலு தடவை முகம் மாறும்.

கைடு தான் இங்க எல்லாமே. எங்களுக்கு வந்தவர் பார்க் பக்கத்து கிராமத்துக்காரர், வீட்டுல சேனான்னு அந்த ஊர் மொழி பேசுவாராம், எங்ககிட்ட இங்கிலீஷ், ரேடியோல போர்ச்சுகீசு. அவர் ஸ்டைல் என்னன்னா அதிகமா வண்டிய ஓட்டவே மாட்டார். நிறுத்துவார், இன்ஜின ஆஃப் பண்ணுவார், கேப்பார். பக்கத்து சீட்ல இருந்தவங்களுக்கு பொறுமை போச்சு, எனக்கு அது தான் பிடிச்சுச்சு. ஹூடெட் வல்ச்சர்னு ஒரு சின்ன பிணந்தின்னிக் கழுகு, அது மரத்துல ஒண்ணு ரெண்டா வந்து உக்காந்துட்டு கீழயே பாத்துச்சுன்னா பக்கத்துல வைல்ட் டாக் இருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னார், அதுங்க சாப்பிட்ட மிச்சத்துக்கும் சாணிக்கும் இந்த கழுகு பின்னாடியே சுத்துமாம். புஷ்பக்னு ஒரு புள்ளிமான் சைஸ் மிருகம், அது நாய் குரைக்குற மாதிரி ஒரு தடவ கத்துச்சுன்னா எந்த பக்கம் திரும்பிக் கத்துச்சுன்னு பாக்கணும்னார். ரிசர்ச் டீம் காலர் மாட்டி வச்சிருக்கே, சிக்னல் கேட்டு நேரா போயிடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். காலர் அதுங்கள காப்பாத்துறதுக்கு, நமக்கு வழி காட்டுறதுக்கு இல்லன்னு பட்டுன்னு சொல்லிட்டார். அந்த ஒரு பதிலுக்கே அவர் மேல மரியாதை வந்துடுச்சு.

முதல்ல சில டிரைவ்ல வைல்ட் டாக் கண்ணுல படல, கால்தடமும் காஞ்ச எச்சமும் தான். வாட்டர்பக், பபூன் குரங்கு, வார்ட்ஹாக்ங்குற காட்டுப்பன்னி, நயாலா மான், தூரத்துல யானைன்னு நிறைய பாத்தோம், அதுவே நல்லா தான் இருந்துச்சு.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஃபீவர் மரத்துக்கு கீழ மணல்ல படுத்துட்டு இருந்துச்சுங்க. முதல்ல எனக்கு நிழல் தான் தெரிஞ்சுச்சு, அந்த திட்டுத்திட்டான உடம்பு இலை நிழலோட அப்படியே கலந்துடுது, ஒரு காது ஈய விரட்ட ஆடுனப்புறம் தான் ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஏழுன்னு கண்ணு பிரிச்சு பாக்க ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு மேல ஒண்ணு கால் போட்டு, கழுத்துல தலை வச்சு தூங்குதுங்க. வெயில் இறங்க இறங்க ஒண்ணு எழுந்து முதுக வளைச்சு சோம்பல் முறிச்சுட்டு, தலைய தாழ்த்தி காத மடக்கி பக்கத்துல படுத்திருந்தத மூக்கால முட்டுச்சு. அது எழுந்து அடுத்தத முட்டுச்சு. ஒரு நிமிஷத்துல எல்லாம் எழுந்து ஒண்ணோட ஒண்ணு உரசி, வாய நக்கி, வால தூக்கி, கீச்கீச்னு குருவிக்கூட்டம் மாதிரி சத்தம். இத்தன பெரிய வேட்டை மிருகம் போடுற சத்தமான்னு நம்பவே முடியாது, வீடியோல கேக்குறதுக்கும் பக்கத்துல கேக்குறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

இப்ப தும்மல கவனிங்கன்னு கைடு மெதுவா சொன்னார். நிஜமாவே தும்முதுங்க! மூக்கு வழியா சடார்னு காத்த விடுற மாதிரி, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. போட்ஸ்வானால இத ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டிருக்காங்க, கூட்டம் கிளம்பலாமா வேணாமான்னு முடிவு பண்றதுல தும்மலுக்கு பங்கு இருக்கு, தும்மல் கூடக்கூட கிளம்புற வாய்ப்பும் கூடுது. தலைமை ஜோடி கிளப்பிவிட்டா சுமார் 3 தும்மல் போதும், கீழ் நிலைல இருக்குறது கிளப்புனா 10 கிட்ட தேவைப்படுதாம். சின்னதுக்கும் சொல்றதுக்கு இடம் இருக்கு, கூட ஆள் சேக்கணும் அவ்ளோ தான். படிச்சு தெரிஞ்சுக்குறது ஒண்ணு, கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா தும்மி தும்மி கடைசில எல்லாம் ஒரே திசைல திரும்பி வரிசையா கிளம்புறத பாக்குறது வேற ஒண்ணு, எனக்கு கை நடுங்கிடுச்சு, போட்டோ எல்லாம் ஆடிப்போய் தான் இருக்கு.

புதர் ஆரம்பிக்குற இடத்துல கைடு வண்டிய நிறுத்திட்டார், பின்னாடி போகல. வண்டி சத்தம் மானுக்கு உதவும், நாய்க்கு இடைஞ்சல், ரெண்டுமே நம்ம வேலை இல்லன்னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் உள்ள ஒரு குரைப்பு, கிளை முறியுற சத்தம், முடிஞ்சுச்சு. சுத்திப் போய் பாதை வழியா நாங்க சேரும்போது புஷ்பக்ல பாதி காலி. எனக்கு மனசுல நிக்குறது என்னன்னா அங்க ஒரு உறுமல் இல்ல, சண்டை இல்ல. இளசுங்க முதல்ல வாய வச்சு தின்னுதுங்க, பெருசுங்க வெளிப்பக்கம் பாத்துட்டு நிக்குதுங்க, சிங்கம் வருதான்னு. வெள்ளைக் கழுத்துல ரத்தம் ஒட்டி கொழகொழன்னு இருக்கு. முன்னங்கால் நொண்டுற ஒண்ணு கடைசியா வந்து சேந்துச்சு, அது வந்தப்ப எலும்பு தான் மிச்சம், நேரா ஒண்ணு கிட்ட போய் வாய நக்கி கெஞ்சுச்சு, அது வயித்துல இருந்து கறிய கக்கிக் குடுத்துச்சு. இது தான் இந்த மிருகம். குட்டிங்களுக்கும் இப்படி தான் வேட்டைல இருந்து வயித்துல சுமந்துட்டு வந்து கக்கிக் குடுக்கும், அடிபட்டதுக்கும் இப்படி தான்.

சின்ன பசங்கள கூட்டிட்டு போறவங்க யோசிங்க, ரத்தம், வாடை எல்லாம் ரொம்ப பக்கத்துல இருக்கும்.

அந்த புஷ்பக் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பொதுவா அது புதருக்குள்ளயே ஒளிஞ்சு வாழுற மிருகம். கொரொங்கோசால கடிக்க ஆள் இல்லாத வருஷங்கள்ல அது பயம் விட்டுப்போய் திறந்த சமவெளிக்கே வந்து மேய ஆரம்பிச்சுடுச்சு. 2019ல வந்த ஆராய்ச்சில சிறுத்தை சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்திருக்காங்க, உடனே மரம் அடர்ந்த இடத்த தேடி போயிருக்கு. வேட்டை மிருகம் இல்லன்னா மான் எங்க நிக்கும், எந்த செடிய திங்கும்னு எல்லாமே மாறிடுதுன்னு அதுல தெரிஞ்சுச்சு. வைல்ட் டாக் வந்து விட்டதும் அதிகமா பிடிச்சது இந்த புஷ்பக்க தான். கைடு இத சமவெளி ஓரத்துலயே நிறுத்தி, இங்க முன்ன நின்னுச்சு, இப்ப பாருங்க அந்த புதர் ஓரமா தான் நிக்குதுன்னு கை காட்டி சொன்னார், எனக்கு அப்ப தான் முழுசா புரிஞ்சுச்சு.

சாயங்காலம் நெருப்பு பக்கத்துல உக்காந்து பேசும்போது, கூட்டத்த எப்படி உருவாக்குறாங்கன்னு கேட்டோம். சொந்தமில்லாத ஆண் கூட்டம் ஒரு பக்கம், பெண் கூட்டம் ஒரு பக்கம், நடுவுல கம்பி வலை வச்சு பக்கத்து பக்கத்து அடைப்புல விட்டு பழக்குவாங்க. மயக்க ஊசி போட்டு தூங்குற நேரத்துல ஒண்ணோட உடம்ப இன்னொண்ணு மேல நல்லா தேய்ச்சு விடுவாங்க, முழிக்கும்போது எல்லாத்துக்கும் ஒரே வாடை, அடிச்சுக்குறது குறையும். சவுத் ஆப்பிரிக்கால 1998ல இருந்து சின்ன சின்ன காப்பகங்கள சேத்து ஒரே கூட்டமா கணக்குல வச்சு, இங்க இருந்து அங்க அங்க இருந்து இங்கன்னு மாத்தி மாத்தி பாத்துக்குறாங்க, எண்டேஞ்சர்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட்னு அங்க இருக்குற வனவிலங்கு பாதுகாப்பு அமைப்பு அதுல முக்கியமான ஆளுங்க, கொரொங்கோசாவுக்கு வந்ததும் அவங்க மூலமா தான். 2019 கடைசில இன்னொரு கூட்டமும் வந்துச்சு. சந்தோஷமான சேதி என்னன்னா 2021ல மலாவிக்கு 14 வைல்ட் டாக் அனுப்புனாங்க, அங்க இருக்குற லிவோண்டே, மஜேட்டேன்னு ரெண்டு காட்டுக்கு, அதுல ஒரு பங்கு கொரொங்கோசால இருந்தே போச்சு. வாங்கிட்டு இருந்த காடு மூணே வருஷத்துல குடுக்குற காடா மாறிடுச்சு! வேதனை என்னன்னா அடுத்த வருஷமே லிவோண்டே கூட்டம் விஷத்துல செத்துப் போச்சு. கைடு இத சொல்லும்போது யாருமே பேசல. ஒரு கூட்டத்த சேக்க மாசக்கணக்கா ஆகுது, போறதுக்கு ஒரு ராத்திரி போதும்.

அதனால தான் பார்க்குக்கு வெளில நடக்குற வேலையையும் சேத்து தான் இந்த சஃபாரிய எடை போடணும்னு சொல்றேன். சுத்தி இருக்குற கிராமத்து நாய்ங்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுறாங்க, ரேஞ்சருங்கள அக்கம்பக்கத்து ஊர்ல இருந்தே எடுக்குறாங்க, அவங்க தினமும் நடந்து கண்ணிய பொறுக்கி எடுக்குறாங்க. மொசாம்பிக் சட்டப்படி பார்க் வருமானத்துல 20 சதவீதம் சுத்தி வாழுற மக்களுக்கு போகணும். கொரொங்கோசா மலைல மரத்தோட சேத்து காபி நடுறாங்க, அந்த காபி கேம்ப்ல குடிச்சேன், நல்லா இருந்துச்சு, பாக்கெட்டும் வாங்கிட்டு வந்தேன்.

தங்குறது, சாப்பாடு பத்தி பெருசா எழுத ஒண்ணும் இல்ல, சுத்தமா இருந்துச்சு, ராத்திரி கொசு வலை இருந்துச்சு, மீனும் சோறும் நல்லா இருந்துச்சு. மலேரியா இருக்குற ஏரியா, டாக்டர கேட்டு மாத்திரை எடுத்துட்டு போங்க, இத லேசா எடுத்துக்காதீங்க. பெய்ரா ஏர்போர்ட்ல இறங்கி ரோட்டு வழியா இன்ஷோப்பேங்குற ஊருக்கு வந்து வடக்க திரும்பணும், மூணு நாலு மணி நேரம் பிடிக்கும். பெய்ராலயே கொஞ்சம் மெட்டிக்கல் (மொசாம்பிக் பணம்) மாத்தி கைல வச்சுக்கிட்டா வழில டீ, பழம் வாங்க உதவும்.

இப்ப எனக்கு கோவம் வந்த இடம். நான் புக் பண்ணது நடுவுல ஒரு டிராவல் ஏஜென்ட் மூலமா. வைல்ட் டாக் கேரன்ட்டின்னு போட்டு, குட்டி இருக்குற குழிக்கு பக்கத்துலயே கூட்டிட்டு போவோம்னு சொல்லி, அதுக்கு தனியா காசும் வாங்கிட்டாங்க. அங்க போய் கேட்டா கைடு நேரா சொல்லிட்டார், குட்டி போட்டிருக்குற குழி பக்கம் டூரிஸ்ட் வண்டி போகாதுன்னு. அது நியாயம் தான், ஆள் நடமாட்டம் பாத்து குட்டிய வாயில கவ்விட்டு வேற குழிக்கு தூக்கிட்டு போக வேண்டி வந்தா வழில சிங்கமோ வேற எதுவோ அடிச்சுடும். கைடு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஏஜென்ட் மேல தான். திரும்பி வந்து கேட்டதுக்கு அது 'சீசன பொறுத்தது'ன்னு ஒரு மெயில், காசு வரல. நாள் முழுக்க ஓடுற மிருகத்துக்கு எவனும் கேரன்ட்டி குடுக்க முடியாது, குடுக்குறவன் கிட்ட புக் பண்ணாதீங்க. அதவிட மோசம், இப்படி விக்குறவங்களால நாளைக்கு யாராச்சும் காச நீட்டி கைடுங்கள குழி பக்கம் போகச் சொல்லி நெருக்குவாங்க, இந்த மிருகத்துக்கு அது தாங்காது.

யாருக்கு செட் ஆகும்? ஒரே நாள்ல எல்லா பெரிய மிருகத்தையும் டிக் அடிக்கணும்னு நினைக்குறவங்களுக்கு இது இல்ல. இங்க காண்டாமிருகம் எதிர்பாக்காதீங்க, சிறுத்தையும் கழுதைப்புலியும் வைல்ட் டாக்குக்கு அப்புறம் தான் கொண்டு வந்து விட்டிருக்காங்க, அதுங்கள பாக்குறது முழுக்க அதிர்ஷ்டம். ஒரு காடு பாதி குணமாகிட்டு இருக்குறப்ப எப்படி இருக்கும், எது முதல்ல வரும் எது அப்புறம் வரும், அதுல யாரோட உழைப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்குறவங்க, அமைதியா உக்காந்து காத்திருக்க முடிஞ்சவங்க, கண்டிப்பா போங்க. விலை கம்மி இல்ல, பிளைட்டு, ரோடு, தங்குறது எல்லாம் சேத்தா கனமா தான் வரும், ஆனா எனக்கு ஒரு காசு கூட வீண்னு தோணல (அந்த ஏஜென்ட்டுக்கு குடுத்தத தவிர).

கைடுக்கு 5க்கு 5. சஃபாரிக்கு 4.5, அரை குறைச்சது ஜீப் சீட்டுக்கு, நீளமான டிரைவ்ல முதுகு வலி எடுத்துடுச்சு, மெத்தை கொஞ்சம் தடியா போட்டா போதும்.

எப்ப போகலாம்னா, மழைக்காலம் வேணாம், சமவெளி பூரா தண்ணி நின்னு பாதை எல்லாம் மூடிடும். மே கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குட்டி போட்டு வளக்குற காலம், கூட்டம் குழிய விட்டு ரொம்ப தூரம் போகாது, குழிய பாக்க முடியாட்டியும் வேட்டைக்கு போற வழில பாக்குற வாய்ப்பு இருக்கு. செப்டம்பர், அக்டோபர்ல குட்டிங்களும் கூட்டத்தோட சேந்து ஓட ஆரம்பிச்சுடும், புல் காஞ்சு பார்வை நல்லா போகும், ஆனா வெயில் கொளுத்தும். புக் பண்றதுக்கு முன்னாடி இந்த நாலையும் மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க: கைடு யாரு, எந்த ஊர்க்காரர், ஒரு ஜீப்ல எத்தன பேர், டிரைவ் ரத்தானா பணம் திரும்ப வருமா. முடிஞ்சா நடுவுல யாரும் இல்லாம நேரா கேம்ப்லயே பேசி புக் பண்ணுங்க.